7,074-க்கு மேலா, கீழா?

ஹாம் வானொலிக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோருக்கும் சீக்கிரமே ஒரு சந்தேகம் வரும். 40 மீட்டர் பேண்டில், அதாவது 7 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில், காலை நேரத்தில் குரலில் பேசுகிறவர்கள் ரிக் என்னும் வானொலிக் கருவியை எல்எஸ்பி-யில் வைக்கச் சொல்வார்கள். அதே பேண்டில் கணினியை இணைத்து எஃப்டி8 என்ற டிஜிட்டல் மோடை இயக்கப் போனால் யுஎஸ்பி-க்கு மாற்றச் சொல்வார்கள். பேண்டு ஒன்று, ரிக் ஒன்று, ஆண்டெனா ஒன்று. பிறகு ஏன் பக்கம் மட்டும் மாற வேண்டும்? "வழக்கம் அப்படித்தான்" என்ற பதிலோடு பலர் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். அந்த வழக்கத்தின் அடியில் பள்ளிக்கூடத்துக் கூட்டல் கழித்தல் இருக்கிறது. அதைப் போட்டுப் பார்த்துவிட்டால் ரிக்கின் முகப்பில் தெரியும் எண்ணை வேறு கண்ணோடு பார்ப்போம்.

சேலம், நாமக்கல் சமவெளியில் இந்தப் பொழுதுபோக்கைத் தொடங்கப் பெரிய வசதி தேவையில்லை. தோட்டத்து வீடாக இருந்தால் இரண்டு தென்னைகளுக்கு இடையே சுமார் 20 மீட்டர் செம்புக் கம்பியை நடுவில் வெட்டிக் கட்டினால் 7 மெகாஹெர்ட்ஸுக்கான டைபோல் ஆண்டெனா தயார். தேர்வு எழுதி, மத்திய அரசின் வயர்லெஸ் பிளானிங் அண்ட் கோஆர்டினேஷன் பிரிவு தரும் உரிமத்தை வாங்கிவிட்டால் வியூ2 அல்லது வியூ3 என்று தொடங்கும் அழைப்புக்குறி கிடைக்கும். பகலில் இந்த பேண்டில் சென்னை, மதுரை, பெங்களூருக்குப் பேசலாம். பொழுது சாய்ந்ததும் அயனி மண்டலத்தின் கீழடுக்கு மங்கி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் அலைகள் வந்து விழும். மேட்டில் ஏற வேண்டாம், கோபுரம் கட்ட வேண்டாம்.

முதலில் சைடுபேண்ட் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். 7,100 கிலோஹெர்ட்ஸில் ஓர் ஊர்தி அலை இருக்கிறது. அதன் மேல் 1 கிலோஹெர்ட்ஸ் விசில் சத்தத்தை ஏற்றுகிறோம். பழைய ஏஎம் முறையில் மூன்று அலைகள் வெளியே போகும்: நடுவில் 7,100, மேலே 7,101, கீழே 7,099. செய்தி மேலேயும் இருக்கிறது, கீழேயும் இருக்கிறது. நடுவில் உள்ள ஊர்தி அலை செய்தி எதையும் சுமக்காமல் திறனில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறது. எனவே ஊர்தி அலையை அடக்கி, இரண்டு பக்கங்களில் ஒன்றை வடிகட்டி, மிஞ்சும் ஒரு பக்கத்தை மட்டும் அனுப்பலாம் என்று கண்டார்கள். இதுவே எஸ்எஸ்பி, ஒற்றைப் பக்கப்பட்டை. மேல்பக்கத்தை அனுப்பினால் யுஎஸ்பி. கணினியில் செருகும் யுஎஸ்பி-க்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கீழ்ப்பக்கத்தை அனுப்பினால் எல்எஸ்பி. ஏஎம் குரலுக்கு 6 கிலோஹெர்ட்ஸ் வேண்டியிருந்த இடத்தில் இதற்கு 3 கிலோஹெர்ட்ஸ் போதும்.

இரண்டு விளைவுகளை இங்கே கவனிக்க வேண்டும். எல்எஸ்பி-யில் ஒலியின் வரிசை தலைகீழாகிறது. கீச்சுக்குரல் வானில் கீழே இறங்குகிறது, அடிக்குரல் மேலே நிற்கிறது. இன்னொன்று அதைவிட முக்கியமானது. ரிக்கின் டயலில் 7,100 என்று ஒளிரும்போது அந்த 7,100-இல் நாம் எதையும் அனுப்புவதில்லை. அங்கிருந்த ஊர்தி அலையை அடக்கிவிட்டோம். நம் குரல் அதற்கு மேலேயோ கீழேயோ 300 ஹெர்ட்ஸிலிருந்து 3,000 ஹெர்ட்ஸ் வரை தள்ளி உட்கார்ந்திருக்கிறது. டயல் காட்டுவது வெற்றிடத்தின் முகவரியை. டிஜிட்டல் மோடுகளில் நடக்கும் குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு விஷயத்தை மறப்பதால் வருகின்றன.

இனி வழக்கத்தின் கதை. 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே எல்எஸ்பி, மேலே யுஎஸ்பி என்பது உலகெங்கும் ஹாம்கள் குரலுக்குக் கடைப்பிடிக்கும் ஏற்பாடு. கப்பல்களும் விமானங்களும் சிற்றலையில் எந்த அலைவரிசையானாலும் யுஎஸ்பி-யையே பயன்படுத்துகின்றன. ஹாம்கள் மட்டும் கீழே ஒன்று, மேலே ஒன்று என்று பிரித்துக்கொண்டது 1950-களில், வீட்டில் கட்டிய கருவிகளின் காலத்தில். அப்போது நல்ல வடிகட்டி விலை உயர்ந்தது. ஒரே வடிகட்டி, ஒரே அலையியற்றியை வைத்து 80 மீட்டர், 20 மீட்டர் என்ற இரண்டு பேண்டுகளுக்கும் கருவி கட்டினார்கள். 9 மெகாஹெர்ட்ஸும் 5 மெகாஹெர்ட்ஸும் கையில் இருந்தால் கூட்டினால் 14, கழித்தால் 4. இரண்டு பேண்டும் கிடைத்துவிட்டன.

கழிக்கும்போது சைடுபேண்ட் தலைகீழாகிவிடும், அதனால்தான் கீழ் பேண்டில் எல்எஸ்பி வந்தது என்று இந்தக் கதையைச் சொல்பவர்கள் முடித்துவிடுவார்கள். அது பாதிதான் சரி. எதிலிருந்து எதைக் கழிக்கிறோம் என்பதைப் பொறுத்தது அது. 9 மெகாஹெர்ட்ஸில் குரல் இருக்கிறது, அலையியற்றி 5-இல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குரலின் ஒரு பகுதி 9.001-இல் இருந்தால் 5-ஐக் கழிக்க 4.001 வரும். மேலே இருந்தது மேலேயே இருக்கிறது, தலைகீழாகவில்லை. மாறாக, குரல் 5-இல் உருவாகி, அலையியற்றி 9-இல் இருந்தால்? 5.001-ஐ 9-இலிருந்து கழிக்க 3.999. மேலே இருந்தது கீழே வந்துவிட்டது. ஆக, அலையியற்றியிலிருந்து குரலைக் கழித்தால் மட்டுமே பக்கம் மாறும். கூட்டினாலும் மாறாது, குரலிலிருந்து அலையியற்றியைக் கழித்தாலும் மாறாது. இந்த ஒரு விதி கையில் இருந்தால் போதும், பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் இதுவே சாவி.

இந்த விதி நம் பக்கத்தில் உயிரோடு இயங்கியதைப் பார்க்க ஹைதராபாத் வரை போனால் போதும். அங்கே அஷர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் என்ற எளிய எஸ்எஸ்பி கருவி, இந்திய ஹாம்களுக்குச் சொந்தக் கையால் ரிக் கட்டும் துணிச்சலைக் கொடுத்தது. சாதாரணக் கடைகளில் கிடைக்கும் டிரான்சிஸ்டர்கள், மலிவான படிகங்கள், கையால் சுற்றும் சுருள்கள். அந்த வரிசையில் வந்த பிட்எக்ஸ்40 என்ற பலகை 40 மீட்டருக்கு மட்டும், குரலுக்கு மட்டும் என்று தீர்மானித்துச் செய்யப்பட்டது. ஆகவே எல்எஸ்பி மட்டும்தான். அதன் படிக வடிகட்டி 12 மெகாஹெர்ட்ஸில் இருக்கிறது. 7.1-ஐக் கேட்க வேண்டுமானால் அலையியற்றி 4.9-இல் ஓடும், இரண்டையும் கூட்டினால் 12. கூட்டல் என்பதால் பக்கம் மாறாது.

எஃப்டி8 2017-இல் வந்ததும், இந்தப் பலகையை வைத்திருந்தவர்களுக்கு யுஎஸ்பி தேவைப்பட்டது. வடிகட்டியைப் பிரித்து மாற்ற வேண்டும் என்று தோன்றும். தேவையே இல்லை. அலையியற்றியை 4.9-இலிருந்து 19.1-க்கு நகர்த்தினால் போதும். 19.1-இலிருந்து 7.1-ஐக் கழித்தால் அதே 12 வருகிறது; இந்தக் கழித்தல் பக்கத்தைப் புரட்டிவிடுகிறது. பலகையில் அலையியற்றியாக இருந்தது நிரலால் கட்டுப்படும் சின்னச் சில்லு. ஆகவே சில வரி நிரலை மாற்றியே எல்எஸ்பி பலகையை யுஎஸ்பி பேச வைத்தார்கள். ஒரு சாலிடரைக்கூடத் தொடாமல் பக்கம் மாறியது. 1950-களின் கூட்டல் கழித்தல் விதியை இத்தனை துல்லியமாகக் கண்முன் காட்டும் இன்னொரு கருவியை எனக்குத் தெரியாது. பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் பண்பேற்றப் பாடத்துக்கு இந்தப் பலகையை வைத்துவிட்டால், பாடப்புத்தகத்தின் அரைப்பக்கச் சமன்பாட்டை மாணவர்கள் காதாலேயே கேட்டுவிடுவார்கள்.

டிஜிட்டல்காரர்கள் ஏன் எல்லா பேண்டிலும் யுஎஸ்பி-யைப் பிடித்துக்கொண்டார்கள்? கணினியின் ஒலி அட்டை 1,500 ஹெர்ட்ஸ் தொனியைத் தருகிறது, டயல் 7,074-இல் இருக்கிறது. யுஎஸ்பி-யில் கூட்டினால் 7,075.5 கிலோஹெர்ட்ஸ், நாம் வானில் நிற்கும் இடம் அதுவே. கூட்டல் எளிது, திரையில் வலதுபக்கம் போனால் வானிலும் மேலே போகிறோம். பேண்டுக்குப் பேண்டு பக்கம் மாற்றும் தொல்லையும் இல்லை. குரலுக்குத்தான் பழைய கருவிகளின் நினைவு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கணினி வழி வந்த மோடுகளுக்கு அந்தச் சுமை தேவைப்படவில்லை.

விதிவிலக்கு ஆர்டிடிஒய், டெலிபிரிண்டர் காலத்து மோடு. அதில் மார்க், ஸ்பேஸ் என்று இரண்டே தொனிகள், இடைவெளி 170 ஹெர்ட்ஸ். வானில் மார்க் மேலேயும் ஸ்பேஸ் கீழேயும் இருக்க வேண்டும் என்பது பழைய ஏற்பாடு. ஒலியிலோ மார்க் 2,125, ஸ்பேஸ் 2,295. தாழ்ந்த தொனியை வானில் மேலே கொண்டுபோக வேண்டுமானால் எல்எஸ்பி-தான் வழி. 14,085 என்று டயலை வைத்தால் மார்க் 14,082.875-இல் விழும். யுஎஸ்பி-யில் வைத்துவிட்டால் இரண்டும் இடம் மாறி, எதிர்முனையில் புரியாத எழுத்துக்கூட்டம்தான் அச்சாகும்.

பிஎஸ்கே31 நேர்மாறு. பிரிட்டனின் பீட்டர் மார்டினெஸ் 1990-களின் இறுதியில் உருவாக்கிய இந்த மோடில், ஒரே தொனியின் கட்டம் புரள்கிறதா, புரளவில்லையா என்பதே செய்தி. புரளல் எந்தப் பக்கத்தில் நடந்தாலும் புரளல்தான். ஆகவே அதன் சாதாரண வடிவம் இரண்டு சைடுபேண்டிலும் படிக்கப்பட்டுவிடும். நான்கு கட்டங்களைப் பயன்படுத்தும் அதன் இன்னொரு வடிவத்தில் முன்னால் திரும்பியதா, பின்னால் திரும்பியதா என்பது முக்கியம் என்பதால் அங்கே பக்கம் தவறக்கூடாது.

எஃப்டி8-ஐக் கொஞ்சம் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். இதை உருவாக்கியவர்கள் அமெரிக்காவின் ஸ்டீவ் ஃபிராங்கும் ஜோ டெய்லரும். டெய்லர் வானியற்பியலாளர், இரட்டைத் துடிப்பு விண்மீனைக் கண்டறிந்ததற்காக ரஸல் ஹல்ஸுடன் 1993-இல் நோபல் பரிசு பெற்றவர். இரைச்சலுக்குள் புதைந்த துடிப்பைத் தோண்டி எடுப்பதே அவருடைய தொழில். அந்தத் திறமை ஹாம் வானொலிக்கு வந்து சேர்ந்தது.

எஃப்டி8-இல் எட்டுத் தொனிகள். ஒன்றுக்கொன்று இடைவெளி 6.25 ஹெர்ட்ஸ், மொத்த அகலம் 50 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு தொனியும் 0.16 வினாடி ஒலிக்கும். ஒரு செய்திக்கு 79 தொனிகள், ஆக 12.64 வினாடி. இந்த 79-இல் 21 தொனிகள் செய்தி எதையும் சொல்வதில்லை. தொடக்கத்தில் ஏழு, நடுவில் ஏழு, முடிவில் ஏழு என்று 3, 1, 4, 0, 6, 5, 2 என்ற ஒரே வரிசையில் அவை வந்து போகும். கேட்கும் மென்பொருள் முதலில் தேடுவது இந்த வரிசையைத்தான். அது கிடைத்தால்தான் செய்தி எங்கே தொடங்குகிறது, எந்த அலைவரிசையில் நிற்கிறது என்று தெரியும்.

இப்போது நாமக்கல்லில் ஒருவர் மறதியாக எல்எஸ்பி-யிலேயே அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். தொனிகள் தலைகீழாகின்றன. 0 இருந்த இடத்தில் 7, 1 இருந்த இடத்தில் 6. அந்த அடையாள வரிசை 4, 6, 3, 7, 1, 2, 5 ஆகிவிடுகிறது. கேட்கும் திரையில் பளிச்சென்று கோடு விழும், சத்தமும் நன்றாகக் கேட்கும். ஆனால் ஒரு எழுத்தும் தேறாது. உலகின் எந்த மென்பொருளும் அந்த வரிசையைத் தேடிக்கொண்டிருக்கவில்லை. அதோடு, அவர் 7,074-க்கு மேலே நிற்பதாக நினைத்துக்கொண்டிருக்கும்போது அவருடைய தொனி 7,072.5-இல் போய் யாருடைய உரையாடலையோ கெடுத்துக்கொண்டிருக்கும். பலமான சிக்னல், பதில் மட்டும் வரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது சைடுபேண்ட்.

இந்த வட்டாரத்துக்கு எஃப்டி8 ஏன் இவ்வளவு பொருந்துகிறது என்றால் இரைச்சலால். பள்ளிபாளையம், குமாரபாளையம், திருச்செங்கோடு பக்கம் தெருத்தெருவாகத் தறிக்கூடங்கள், நாமக்கல்லைச் சுற்றிக் கோழிப்பண்ணைகளின் நீண்ட கொட்டகைகள், ராசிபுரம், ஆத்தூர் வழியில் ஜவ்வரிசி ஆலைகள், கிணற்றடியில் மோட்டார்கள். மோட்டாரின் ஸ்டார்ட்டர், எல்இடி விளக்கின் மின்வழங்கி, வேகம் மாற்றும் மின்னணுப் பெட்டி என ஒவ்வொன்றும் சிற்றலையில் தன் பங்குக்கு இரைச்சலைச் சேர்க்கிறது. குரலைக் கேட்பவருக்கு இது பெருந்தொல்லை. 2,500 ஹெர்ட்ஸ் அகலத்தில் காதைத் திறந்து வைத்தால் அத்தனை அகலத்து இரைச்சலும் உள்ளே வரும்.

எஃப்டி8 சுமார் −21 டெசிபெல் வரை படிக்கும் என்பார்கள். அதாவது 2,500 ஹெர்ட்ஸ் அகலத்தில் உள்ள இரைச்சலின் 126-இல் ஒரு பங்கு திறன் கொண்ட சிக்னல். கேட்க மாயம் போலத் தோன்றும். கணக்குப் போட்டால் மாயம் கலைந்து அழகு தெரியும். மென்பொருள் ஒவ்வொரு தொனியையும் 6.25 ஹெர்ட்ஸ் அகலத்தில்தான் பார்க்கிறது. 2,500-ஐ 6.25 ஆல் வகுத்தால் 400. எனவே அந்த மெல்லிய இடுக்கு வழியே வருவது இரைச்சலின் 400-இல் ஒரு பங்குதான். சிக்னல் 126-இல் ஒரு பங்கு, இரைச்சல் 400-இல் ஒரு பங்கு. அந்த இடுக்கில் சிக்னலே மூன்று மடங்கு ஓங்கி நிற்கிறது. மிச்சப் பிழைகளைத் திருத்துவதற்குக் குறியீடு இருக்கிறது: 77 பிட் செய்தியோடு 14 பிட் சரிபார்ப்பும் 83 பிட் பிழைதிருத்தமும் சேர்த்து 174 பிட்டாக அனுப்புகிறார்கள். தறி ஓடும் ஊரிலிருந்தும் 5 வாட் திறனில் கடல் தாண்ட முடிவது இதனால்தான்.

அந்தச் செய்தியில் அழைப்புக்குறியும் ஒரு கட்ட எண்ணும் இருக்கும். பூமியைக் கிழக்கு மேற்காக 2 பாகை, வடக்கு தெற்காக 1 பாகை கட்டங்களாகப் பிரித்த மெய்டன்ஹெட் முறை அது. சேலம், நாமக்கல், ராசிபுரம், ஆத்தூர், ஏற்காடு எல்லாம் எம்கே91. 78 பாகை கிழக்குத் தீர்க்கரேகை நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவே ஓடுவதால் திருச்செங்கோடு, சங்ககிரி, எடப்பாடி, மேட்டூர் எம்கே81-க்குப் போய்விடுகின்றன. தெற்கே கரூர் எம்கே90, வடக்கே தருமபுரி எம்கே92. ஒரு மணி நேரப் பஸ் பயணத்தில் கட்டம் மாறிவிடும். கட்டங்களைச் சேகரிக்கும் வெளிநாட்டு ஹாம்களுக்கு இந்த எல்லைக்கோட்டின் இரு பக்கமும் இரு வேறு ஊர்கள். உரையாடலின் முடிவில் 'கிடைத்தது, வாழ்த்துகள்' என்ற பொருளில் அனுப்பும் ஆர்ஆர்73 என்ற குறியும் எழுத்தளவில் ஒரு கட்ட எண்தான். அந்தக் கட்டம் ஆர்க்டிக் பெருங்கடலில், 83 பாகை வடக்கில் இருக்கிறது. அங்கிருந்து யாரும் அழைக்கப் போவதில்லை என்பதால் குழப்பம் வராது. சொந்தமாக வாசகம் அனுப்ப வேண்டுமானால் 13 எழுத்துகள்தான் இடம், அதுவும் ரோமன் எழுத்தில். 'வணக்கம்' என்பதை எட்டு ரோமன் எழுத்தில் அடக்கிவிடலாம். தமிழ் எழுத்துக்கே அதில் இடம் இல்லாதது எனக்கு வருத்தம்தான்.

சரி, ஏன் 7,074? பேண்டு 7,000-இலிருந்து 7,200 வரை விரிந்து கிடக்கிறது. இயற்பியல் அந்த எண்ணைக் கேட்கவில்லை. உரிமத்தில் பேண்டின் எல்லைகளும் திறனும் உமிழ்வு வகையும் இருக்கும். 7,074 என்று எங்கும் எழுதியிருக்காது. வாரச்சந்தைக்கு எல்லோரும் ஒரே நாளில் ஒரே இடத்துக்கு வருவதால்தான் வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் பயன். இதுவும் அப்படியொரு கூடுமிடம். ரிக்கின் வடிகட்டி ஒரே நேரத்தில் 3 கிலோஹெர்ட்ஸ் அகலத்தைக் கணினிக்குக் கொடுக்கிறது. 50 ஹெர்ட்ஸ் அகலமான சிக்னல்கள் அதற்குள் ஐம்பது, அறுபது வரை அருகருகே நிற்கலாம். மென்பொருள் அத்தனையையும் ஒன்றாகப் படித்துவிடும். டயலைச் சுழற்றித் தேட வேண்டிய வேலையே இல்லை. எல்லோரும் ஒரே டயல் எண்ணில் இருந்தால்தான் இது நடக்கும். 20 மீட்டரில் அந்த எண் 14,074. 15 மீட்டரில் 21,074. 10 மீட்டரில் 28,074. 80 மீட்டரில் 3,573. சற்றுப் பிந்தி வந்த, வேகமான எஃப்டி4-க்கு 7,047.5, 14,080. பிஎஸ்கே31 இருபது மீட்டரில் 14,070-ஐச் சுற்றி இருக்கும். எல்லாமே டயல் எண்கள், எல்லாமே யுஎஸ்பி. அந்தச் சொற்களைச் சேர்க்காமல் எண்ணை மட்டும் சொல்வது பாதி முகவரி.

இடத்தோடு நேரமும் ஒத்துப்போக வேண்டும். ஒவ்வொரு நிமிடமும் 15 வினாடித் துண்டுகளாகப் பிரிகிறது. ஒரு துண்டில் ஒருவர் அனுப்ப, அடுத்ததில் மற்றவர் பதில் தருவார். நம் நேரம் உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னால் இருப்பது பிரச்சினையில்லை, வினாடிகள் பொருந்தினால் போதும். கணினிக் கடிகாரம் ஒரு வினாடிக்குள் சரியாக இருக்க வேண்டும். இணையம் இல்லாத தோட்டத்தில் மலிவான ஜிபிஎஸ் துண்டு ஒன்று இந்த வேலையைச் செய்துவிடும்.

பூமியின் காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்முனையை ஒட்டிச் செல்வதால் நமக்கு இன்னொரு அனுபவமும் உண்டு. பகலும் இரவும் சமமாக இருக்கும் மார்ச், செப்டம்பரை ஒட்டிய மாதங்களில், சூரியன் மறைந்த பிறகு அயனி மண்டலத்தின் மேலடுக்கு குமிழியிட்டுக் கலங்கும். அதன் வழியே வரும் தொனி சில ஹெர்ட்ஸ் அளவுக்குப் பரவி மங்கலாகிவிடும். குரலுக்கு அது வெறும் நடுக்கம். 6.25 ஹெர்ட்ஸ் இடைவெளியில் தொனிகளைப் பிரித்தறிய வேண்டிய எஃப்டி8-க்கோ பக்கத்துத் தொனிகள் ஒன்றோடொன்று குழம்பிவிடும். அத்தகைய மாலைகளில் ரிக்கைக் குறை சொல்லிப் பயனில்லை.

அலையியற்றியிலிருந்து கழித்தால் பக்கம் புரளும் என்ற அந்த விதி விண்வெளிக்கும் போனது. 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி6 ராக்கெட் கார்ட்டோசாட்-1-உடன் ஹாம்சாட் என்ற 42.5 கிலோ செயற்கைக்கோளையும் ஏற்றிச் சென்றது. ஹாம்களுக்காகவே இஸ்ரோ ஏவிய அதில் இரண்டு டிரான்ஸ்பாண்டர்கள். ஒன்று இந்தியாவில் செய்தது, மற்றொன்று டச்சு ஹாம் ஒருவர் செய்தது. தரையிலிருந்து 435 மெகாஹெர்ட்ஸில் எல்எஸ்பி-யில் பேச வேண்டும். செயற்கைக்கோள் அதை 145 மெகாஹெர்ட்ஸில் யுஎஸ்பி-யாகத் திருப்பித் தரும். இந்திய டிரான்ஸ்பாண்டரில் 435.220-இல் ஏறியது 145.930-இல் இறங்கும், 435.280-இல் ஏறியது 145.870-இல். எந்த ஜோடியைக் கூட்டினாலும் 581.150 வரும்.

வேண்டுமென்றே ஏன் புரட்டினார்கள்? டாப்ளர் விளைவுக்காக. செயற்கைக்கோள் நம்மை நோக்கி வரும்போது ஏறும் அலை சுமார் 10 கிலோஹெர்ட்ஸ் வரை கூடுதலாகத் தெரியும், இறங்கும் அலை மூன்றரை கிலோஹெர்ட்ஸ் அளவுக்குக் கூடும். புரட்டாமல் அனுப்பினால் இரண்டும் சேர்ந்து பதின்மூன்றரை. புரட்டினால் ஏறியதன் கூடுதல் குறைவாக மாறி, நிகர விலகல் பாதியளவுக்கு, ஆறரைக்கு வந்துவிடுகிறது. கையால் டயலைத் திருப்பி ஈடுகட்ட முடிகிற அளவு அது. தமிழகத்து ஹாம்களும் மொட்டை மாடியில் கையில் ஆண்டெனாவோடு நின்று இதன் வழியே பேசினார்கள். மின்கலம் பழுதாகி 2014 ஜூலையில் அது ஓய்ந்தது. ஒன்பது ஆண்டுகள் உழைத்த அந்தச் சின்னப் பெட்டியைப் பற்றி நம் பாடப்புத்தகங்களில் ஒரு பத்தியாவது இருக்க வேண்டும்.

மறுபடி 40 மீட்டருக்கு வருவோம், ஏனென்றால் நம் ஊரில் உண்மையான உரசல் அங்கேதான் நடக்கிறது. 2009 மார்ச் வரை இந்த பேண்டு நமக்கு 7,000 முதல் 7,100 வரைதான். அந்த நூறு கிலோஹெர்ட்ஸுக்குள்தான் குரலும் மோர்ஸும் மற்றதெல்லாமும். பல ஆண்டுப் பழக்கத்தில் குரல்காரர்கள் பலர் இன்றும் 7,100-க்குக் கீழேயே சந்திக்கிறார்கள். அவர்களில் ஒருவர் 7,077-இல் எல்எஸ்பி-யில் பேசுகிறார். எஃப்டி8 ஆட்கள் 7,074-இல் அல்லவா இருக்கிறார்கள், நான் 3 கிலோஹெர்ட்ஸ் தள்ளித்தானே இருக்கிறேன் என்று அவர் நம்புகிறார். அவருடைய குரல் விழுவது டயலுக்குக் கீழே, 7,074-இலிருந்து 7,076.7 வரை. எஃப்டி8 சிக்னல்கள் நிற்பது டயலுக்கு மேலே, 7,074-இலிருந்து 7,077 வரை. இரண்டும் அச்சாக ஒன்றின்மேல் ஒன்று. அதே மனிதர் 7,074-இலேயே எல்எஸ்பி-யில் பேசியிருந்தால் அவர் குரல் 7,071-க்கும் 7,073.7-க்கும் இடையே போயிருக்கும். யாருக்கும் இடைஞ்சல் இல்லை. தள்ளி நிற்பதாக நினைத்தவர் மோதுகிறார், மோதுவதாகத் தோன்றியவர் மோதவில்லை. இரு தரப்பிலும் நல்லவர்கள்தான். டயல் காட்டும் எண்ணைத் தங்கள் இடம் என்று நினைப்பதுதான் கோளாறு. எல்எஸ்பி குரலுக்கு டயல் 7,074-ஐத் தாண்டாமல் இருக்க வேண்டும், அல்லது 7,080-ஐத் தாண்டிவிட வேண்டும். நடுவில் உள்ள ஆறு கிலோஹெர்ட்ஸை விட்டுவிட்டால் சண்டை இல்லை. 7,100-க்கு மேலே இன்னொரு நூறு கிலோஹெர்ட்ஸ் இருக்கிறது என்பதையும் நினைவில் வைக்கலாம்.

டிஜிட்டல்காரர்கள் பக்கமும் ஒரு கடமை உண்டு. கணினியிலிருந்து ரிக்குக்குப் போகும் ஒலியை அதிகமாக ஏற்றிவிட்டால் தொனி நசுங்கி அதன் மடங்குகள் பிறக்கும். 700 ஹெர்ட்ஸ் தொனி என்றால் 1,400, 2,100, 2,800 என்று மூன்று போலிகள், மூன்றும் வடிகட்டிக்குள் அடங்கி வானுக்குப் போய்விடும். பக்கத்துத் தெருவில் இருக்கும் ஹாமின் திரையில் ஒரே அழைப்புக்குறி நான்கு இடங்களில் தெரியும். 1,500-க்கு மேல் தொனியை வைத்தால் அதன் இரண்டாம் மடங்கு 3,000-ஐத் தாண்டி வடிகட்டிக்கு வெளியே விழுந்துவிடும். இதை மென்பொருளே செய்து தரும் வசதி உண்டு: 7,074.7-இல் நிற்க வேண்டுமானால், அனுப்பும் நேரத்தில் மட்டும் டயலை 7,073-க்கு இறக்கி, தொனியை 1,700-க்கு ஏற்றிக்கொள்ளும். கூட்டினால் அதே 7,074.7. ரிக்கின் ஏஎல்சி (தானியங்கி அளவுக் கட்டுப்பாடு) முள் அசையாத அளவுக்கு ஒலியைக் குறைத்து வைத்துக்கொள்வதும் அவசியம்.

பிட்எக்ஸ்40 போன்ற சின்னக் கருவி வைத்திருப்பவர்கள் திறனையும் பாதியாகக் குறைக்க வேண்டும். குரலில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடைக்கும். எஃப்டி8-இல் 12.64 வினாடி முழுத் திறனில் தொடர்ந்து எரியும், அடுத்த துண்டில் ஓய்வு, மறுபடி எரியும். சித்திரை வெயிலில் ஓட்டுக் கூரைக்குக் கீழே ஐஆர்எஃப்510 டிரான்சிஸ்டரின் வெப்பத்தகட்டில் விரலை வைத்தால் விரல் தாங்காது. சின்ன மின்விசிறி ஒன்றைப் பக்கத்தில் வைத்து, 3 வாட்டில் தொடங்கினால் போதும். எம்கே91-ஐ யாராவது திரையில் பார்த்துவிட்டு அடுத்த பதினைந்தாவது வினாடியில் பதில் தருவார்.